ஸ்பானிய 'ஃபுவே': இருந்தாரா, போனாரா, ஆனாரா? முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழியின் இறந்தகாலத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே கண்ணில் படும் சொல் 'ஃபுவே'. ஓரிடத்தில் 'இருந்தது' என்று பொருள் தரும், அடுத்த வரியிலேயே 'போனார்' என்று மாறிவிடும். அகராதியைத் திறந்தால், 'செர்' (இருத்தல், ஆதல்) என்ற வினைக்கும் 'இர்' (போதல்) என்ற வினைக்கும் இறந்தகால வடிவம் ஒன்றேதான் என்று போட்டிருக்கும். அது உண்மைதான். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு அது மட்டும் போதாது.

நம்மில் பெரும்பாலோர் ஸ்பானியத்தை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறோம். குறிப்பேட்டில் 'வாஸ்' ஒரு பக்கம், 'வென்ட்' ஒரு பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறோம். அது சுற்றுவழி. ஃபுவே செய்யும் வேலைகளில் பல, தமிழில் நாம் அன்றாடம் சொல்லும் 'போச்சு', 'ஆனார்', 'நடந்தது', 'போய்விட்டார்' ஆகியவற்றோடு நேராகப் பொருந்துகின்றன. தமிழிலிருந்தே போனால் பாதை சுருக்கம். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஒலியும் வடிவங்களும்

ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஃபுவே என்பது எழுத்தில் எஃப், யு, இ என்ற மூன்றே எழுத்து. 'ஃபு' என்று தனியாக நிறுத்தி 'வே' என்று சேர்க்கக் கூடாது. ஒரே மூச்சில், ஓரசையாகச் சொல்ல வேண்டும். ஸ்பானியத்தின் 'த' ஒலி நம் 'த' போலப் பல்லில் நாக்கு படும் ஒலிதான், 'ட' கிடையாது. அந்த வகையில் தமிழர்களுக்கு உச்சரிப்பு எளிது.

ஆறு வடிவங்கள் இவை: யோ ஃபுவி (நான்), தூ ஃபுவிஸ்தே (நீ), எல் அல்லது எயா ஃபுவே (அவன், அவள்), நொசோத்ரோஸ் ஃபுவிமோஸ் (நாங்கள், நாம்), பொசோத்ரோஸ் ஃபுவிஸ்தேய்ஸ் (பெரும்பாலும் ஸ்பெயினில் 'நீங்கள் எல்லோரும்'), எயோஸ் ஃபுவேரோன் (அவர்கள்).

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஃபுவே பால் காட்டாது. போனான், போனாள், போனார், போனது எல்லாமே ஃபுவே. போதாக்குறைக்கு, மரியாதையான ஒருமை 'நீங்கள்', அதாவது 'உஸ்தெத்', அதற்கும் ஃபுவேதான். தமிழில் விகுதியைக் கேட்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இங்கே முன்னால் என்ன பேச்சு ஓடியது என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். இரண்டாவது, ஃபுவி 'நான்', ஃபுவே 'அவர்'. மற்ற பெரும்பாலான வினைகளில் 'அவர்' வடிவம் 'ஓ' என்று முடியும்: ஆப்லோ (பேசினார்), கொமியோ (சாப்பிட்டார்). 'நான்' வடிவமோ 'ஏ' அல்லது 'ஈ' என்று முடியும்: ஆப்லே (பேசினேன்), கொமீ (சாப்பிட்டேன்). அதனால் ஆப்லே பழகிய காதுக்கு ஃபுவேயும் 'நான்' போலத் தோன்றி, 'யோ ஃபுவே' என்று வாயில் வந்துவிடும். 'யோ ஃபுவி, எல் ஃபுவே' என்று இரண்டையும் சேர்த்தே உருப்போடுங்கள்.

பழைய ஸ்பானிய நூல்களில் ஃபுவி, ஃபுவே ஆகிய சொற்களின் கடைசி எழுத்தின்மேல் ஒரு சாய்கோடு இருக்கும். ஓரசைச் சொற்களுக்கு அந்தக் குறி தேவையில்லை என்று ஸ்பானிய மொழி அகாதெமி 1952-இல் புதிய விதிகளை வெளியிட்டது; 1959 முதல் அவை கட்டாயமாயின. ஆகவே பழம்புத்தகத்தில் கோட்டோடு பார்த்தால் வேறு சொல் என்று எண்ண வேண்டாம். இன்று கோடு போட்டு எழுதினால் அது எழுத்துப்பிழை.

ஏன் இரண்டு வினைக்கு ஒரே வடிவம்?

காரணம் தெரிந்தால் மனதில் நிற்கும். லத்தீனில் 'இருத்தல்' வினையின் இறந்தகாலம் 'ஃபுயி'. 'போதல்' வினைக்கும் தனியாக ஓர் இறந்தகாலம் இருந்தது. ஆனால் அது மிகச் சிறிய, ஒலி வலுவில்லாத வடிவம். பேச்சு வழக்கில் அது தேய, 'அங்கே இருந்தேன்' என்பதே 'அங்கே போனேன்' என்பதன் வேலையையும் எடுத்துக்கொண்டது. ஓர் ஊரில் இருந்திருக்கிறேன் என்றால் அங்கே போயிருக்கிறேன் என்றுதானே பொருள்? போர்த்துகீசிய மொழியிலும் இதே கதைதான். அங்கே இரண்டுக்கும் 'ஃபோய்'. ஆக, இது தற்செயலாக ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்கள் அல்ல. 'இருந்து முடிந்தது' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை.

இரண்டாம் படி: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

ஃபுவேயை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதற்கு அடுத்து வரும் சொல்தான் பொருளைச் சொல்லும்.

அடுத்து 'ஆ' வந்து, பிறகு ஓர் இடமோ வினையோ வந்தால், அது போதல். 'ஃபுவே ஆ மத்ரித்' என்றால் மத்ரிதுக்குப் போனார். 'ஃபுவே ஆ கொம்ப்ரார் பான்' என்றால் ரொட்டி வாங்கப் போனார். நம் 'வாங்கப் போனார்' என்ற அமைப்பேதான், சொல் வரிசை மட்டும் தலைகீழ். 'ஃபுவே போர் பான்' என்றாலும் ரொட்டி வாங்கிவரப் போனார் என்பதே பொருள். ஸ்பெயினில் இதையே 'ஃபுவே ஆ போர் பான்' என்பார்கள்.

ஆனால் 'லா ரெயுனியோன் ஃபுவே ஆ லாஸ் ஸின்கோ' என்று வந்தால்? 'ஆ' இருக்கிறது, ஆனால் பின்னால் இருப்பது இடமல்ல, மணி. கூட்டம் எங்கும் போகாது. கூட்டம் ஐந்து மணிக்கு நடந்தது. இங்கே ஃபுவே என்பது செர்.

இதையொட்டி ஒரு முக்கியமான விதி இருக்கிறது. ஒரு பொருள் எங்கே இருந்தது என்று சொல்ல 'எஸ்தார்' என்ற வேறொரு வினை வேண்டும். ஒரு நிகழ்ச்சி எங்கே நடந்தது என்று சொல்ல செர் வேண்டும். 'எல் லீப்ரோ எஸ்தாபா என் மி காஸா' என்றால் புத்தகம் என் வீட்டில் இருந்தது. 'லா ஃபியெஸ்தா ஃபுவே என் மி காஸா' என்றால் விருந்து என் வீட்டில் நடந்தது. தமிழில் 'இருந்தது' வேறு, 'நடந்தது' வேறு என்று நாம் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறோம். எனவே திருமணம், கூட்டம், விபத்து, தேர்வு, கச்சேரி எதுவானாலும் தமிழில் 'நடந்தது' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃபுவே போடலாம்.

'என்' (தமிழில் '-இல்') என்ற ஸ்பானியச் சொல்லுக்கும் ஒரு எச்சரிக்கை. 'ஃபுவே என் த்ரென்' என்றால் ரயிலில் போனார். நிகழ்ச்சியா, வாகனமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'தே'யும் இப்படித்தான்: 'ஃபுவே தே கொம்ப்ராஸ்' என்றால் கடைகண்ணிக்குப் போனார், 'லா காஸா ஃபுவே தே மி அபுவேலோ' என்றால் அந்த வீடு ஒருகாலத்தில் என் தாத்தாவுடையது.

மூன்றாம் படி: ஒரே வாக்கியம், இரண்டு பொருள்

'ஃபுவே மி எர்மானோ.' இதை எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள்.

ஒருவர் 'கியென் ரொம்பியோ எல் பாஸோ?' என்று கேட்கிறார், அதாவது 'டம்ளரை யார் உடைத்தது?' பதில்: 'ஃபுவே மி எர்மானோ.' பொருள்: 'அண்ணன்தான்.' கவனியுங்கள், 'இருந்தார்' என்ற பேச்சே இல்லை. இங்கே ஃபுவே செய்வது நம் 'தான்' செய்யும் வேலை. இன்னொருவர் 'கியென் ஃபுவே ஆ லா ரெயுனியோன்?' என்று கேட்கிறார், 'கூட்டத்துக்கு யார் போனது?' அதே பதில்: 'ஃபுவே மி எர்மானோ.' இப்போது பொருள் 'அண்ணன் போனார்'. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கேள்விதான் பொருளை முடிவு செய்தது. இது புரிந்துவிட்டால் ஃபுவேயின் மீதிருக்கும் பயத்தில் பாதி போய்விடும். ஸ்பானியர்களும் இதற்காகத் திண்டாடுவதில்லை, முன்னால் என்ன பேச்சு என்பது அவர்கள் காதில் இருக்கிறது.

அந்தத் 'தான்' வேலை மிகவும் பயனுள்ளது. 'யார் கதவைத் தட்டியது?' என்றால் 'ஃபுவி யோ', நான்தான். 'ஃபுவே பிகாஸோ கியென் பின்தோ எல் கெர்னிகா' என்றால் கெர்னிகாவை வரைந்தது பிகாஸோதான். 'ஃபுவே என்தோன்ஸெஸ் குவாந்தோ' என்று தொடங்கினால் 'அப்போதுதான்' என்று பொருள். ஆங்கிலம் வழியாகப் போனால் இந்த வாக்கியங்கள் நீண்டு முறுக்கிக்கொள்ளும். 'தான்' போட்டுப் பார்த்தால் சட்டென்று நிமிர்ந்துவிடும்.

நான்காம் படி: 'போச்சு' குடும்பம்

எனக்கு ஃபுவேயில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

'கோமோ தே ஃபுவே என் எல் எக்ஸாமென்?' சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'எப்படி, உனக்கு, போச்சு, பரீட்சையில்'. நாம் கேட்பதும் அதுதானே: 'பரீட்சை எப்படிப் போச்சு?' பதில் 'மே ஃபுவே பியென்', எனக்கு நன்றாகப் போச்சு. 'மே ஃபுவே மால்', சரியாகப் போகவில்லை. இங்கே 'நான்' எழுவாய் அல்ல, 'எனக்கு'தான். அதனால் 'மே ஃபுவி பியென்' என்று சொல்லிவிடாதீர்கள். போனது பரீட்சை, நீங்கள் அல்ல.

அடுத்து 'ஸே' சேர்ந்த வடிவம். 'ஃபுவே' என்றால் போனார். 'ஸே ஃபுவே' என்றால் போய்விட்டார், கிளம்பிவிட்டார். முதல் வாக்கியத்தில் எங்கே போனார் என்பது முக்கியம். இரண்டாவதில் இங்கிருந்து நீங்கியதுதான் முக்கியம். தமிழின் 'விடு' செய்யும் வேலையை 'ஸே' இங்கே செய்கிறது. அதனால் 'ஆனா ஃபுவே' என்று மொட்டையாக நிறுத்தினால், கேட்பவர் 'எங்கே?' என்று காத்திருப்பார். 'ஆனா ஸே ஃபுவே' என்றால் முழு வாக்கியம்: ஆனா போய்விட்டாள். ஆள் மாறினால் 'ஸே'யும் மாறும்: மே ஃபுவி (போய்விட்டேன்), தே ஃபுவிஸ்தே (போய்விட்டாய்), நோஸ் ஃபுவிமோஸ் (போய்விட்டோம்).

மின்சாரம் நின்றால் ஸ்பானியர் சொல்வது 'ஸே ஃபுவே லா லூஸ்'. லூஸ் என்றால் வெளிச்சம். அப்படியே நம் 'கரண்ட் போயிடுச்சு'. ஒருவர் இறந்ததை மென்மையாகச் சொல்லும்போதும் 'ஸே ஃபுவே' என்பார்கள், நாம் 'போயிட்டார்' என்று சொல்வதுபோல. ஏதோ ஒன்று நினைவிலிருந்து நழுவினால் 'ஸே மே ஃபுவே', அதாவது 'மறந்தே போச்சு'. அர்ஜென்டினாவிலும் பெருவிலும் 'யா ஃபுவே' என்று ஒரு பேச்சு உண்டு. 'போச்சு, விடு' என்பதற்கு இதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. கொலம்பியா போன்ற நாடுகளில் புறப்படும் முன்பே 'நோஸ் ஃபுவிமோஸ்!' என்பார்கள், 'கிளம்பலாம்' என்ற பொருளில். இன்னும் நடக்காததை நடந்துவிட்டதுபோலச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? வீட்டிலிருந்து இறங்காமலே 'இதோ வந்துட்டேன்' என்று போனில் சொல்கிறோமே.

'கே ஃபுவே தே ஆனா?' என்ற கேள்வியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஆனா என்ன ஆனாள்?' நெடுநாளாகத் தகவல் தெரியாத ஒருவரைப் பற்றி விசாரிக்கும் கேள்வி இது.

ஐந்தாம் படி: 'பட்டது'

'எல் கெர்னிகா ஃபுவே பின்தாதோ போர் பிகாஸோ என் 1937.' கெர்னிகா ஓவியம் 1937-இல் பிகாஸோவால் வரையப்பட்டது. ஃபுவேக்குப் பின் பெரும்பாலும் 'ஆதோ', 'ஈதோ' என்று முடியும் எச்சம் வந்தால் அது செயப்பாட்டு வினை. எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அந்த எச்சம் மாறும்: பெண்பால் என்றால் பின்தாதா, பன்மை என்றால் ஃபுவேரோன் பின்தாதோஸ்.

'லா புவேர்தா ஃபுவே அபியெர்தா' என்றால் கதவு திறக்கப்பட்டது. 'லா புவேர்தா எஸ்தாபா அபியெர்தா' என்றால் கதவு திறந்திருந்தது. செயல் ஒன்று, நிலை ஒன்று. 'பட்டது' வந்தால் ஃபுவே, 'ந்திருந்தது' வந்தால் எஸ்தாபா. செயப்பாட்டு வினை தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் செய்தித்தாளுக்கும் வரலாற்று நூலுக்கும் உரியது. பேச்சில் அதை அள்ளித் தெளித்தால் அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும்.

ஆறாம் படி: ஃபுவேயா, ஏராவா? ஃபுவேயா, ஈபாவா?

இங்கேதான் உண்மையான உழைப்பு தேவை. ஸ்பானியத்தில் ஒற்றைச் சொல்லாக வரும் இறந்தகாலம் இரண்டு வகை. செர் வினைக்கு ஃபுவே, ஏரா. இர் வினைக்கு ஃபுவே, ஈபா. நடந்து முடிந்ததை முழுதாக ஒரு மூட்டையாகக் கட்டிப் பார்த்தால் ஃபுவே. அந்தக் காலத்துக்குள்ளேயே நின்றுகொண்டு வருணித்தால் ஏரா, ஈபா.

போதலுக்குத் தமிழ் நன்றாகவே கைகொடுக்கிறது. 'சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடற்கரைக்குப் போவேன்' என்கிறோம். நடந்தது என்றோ, ஆனால் சொல்வது 'போவேன்'. வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இந்த 'போவேன்', 'போவார்' தான் ஈபா. 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதும் ஈபாதான். 'நேற்று கடற்கரைக்குப் போனேன்' என்றால் ஃபுவி. இன்னொரு ஜோடியையும் கவனியுங்கள். 'ஈபா ஆ யாமார்தே' என்றால் உன்னைக் கூப்பிடலாம் என்றிருந்தேன் (கூப்பிடவில்லை). 'ஃபுவி ஆ யாமார்தே' என்றால் உன்னைக் கூப்பிடப் போனேன் (எழுந்து போனேன்). முதல் வாக்கியத்தில் யாரும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

வருணனைக்கும் ஓரளவு தமிழே வழிகாட்டும். 'என் தாத்தா நல்ல உயரமாக இருப்பார்' என்று மறைந்த தாத்தாவைப் பற்றிச் சொல்கிறோம் அல்லவா? அந்த 'இருப்பார்' தான் ஏரா: 'மி அபுவேலோ ஏரா ஆல்தோ'. தோற்றம், குணம், அந்தக் கால நிலைமை எல்லாம் பெரும்பாலும் ஏரா.

பிரச்சினை வருவது 'இருந்தார்' என்று மட்டும் தமிழில் சொல்லக்கூடிய இடங்களில். 'தாத்தா ஆசிரியராக இருந்தார்' என்பது ஸ்பானியத்தில் இரண்டாகப் பிரியும். கதையின் பின்னணியாக, 'அப்போது அவருக்கு வேலை ஆசிரியர் வேலை' என்று சொன்னால் 'ஏரா மாயெஸ்த்ரோ'. '30 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்' என்று தொடக்கமும் முடிவும் கட்டிச் சொன்னால் 'ஃபுவே மாயெஸ்த்ரோ துராந்தே த்ரேய்ந்தா ஆன்யோஸ்'. கால அளவை எண்ணிச் சொன்னாலே ஃபுவே என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை இல்லாத இடத்துக்கு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். வாக்கியத்தின் முன் 'மொத்தத்தில்' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ஃபுவே. 'அந்த நேரத்தில்' என்பது பொருந்தினால் ஏரா. தேர்வு எழுதி முடித்து வெளியே வந்து 'எல் எக்ஸாமென் ஃபுவே திஃபீஸில்' என்கிறார் ஒருவர்: மொத்தத்தில் தேர்வு கடினம், முடிந்தது. 'தாள் கடினமாக இருந்தது, அதனால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்' என்று கதை சொல்பவர் 'ஏரா திஃபீஸில்' என்று தொடங்குவார். மறைந்த பெரியவர்களைப் பற்றிய குறிப்புகளும் இதே காரணத்தால் ஃபுவேயில் தொடங்கும்: 'ஃப்ரீதா காலோ ஃபுவே ஊனா பின்தோரா மெஹிகானா', அதாவது ஃப்ரீதா காலோ ஒரு மெக்சிகோ ஓவியர். 1907-இல் பிறந்து 1954-இல் முடிந்த ஒரு வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்கும் பார்வை அது.

ஒரே ஒரு இடத்தில் யோசனையே வேண்டாம். கடந்தகாலத்தில் மணி சொன்னால் எப்போதும் ஏராதான்: 'ஏரான் லாஸ் த்ரெஸ்', அப்போது மணி மூன்று. 'ஃபுவேரோன் லாஸ் த்ரெஸ்' என்று யாரும் சொல்வதில்லை.

ஏழாம் படி: நாட்டுக்கு நாடு

இன்று காலை நடந்ததைச் சொல்லும்போது ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'எ இதோ' (போயிருக்கிறேன்) என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அதே இடத்தில் தாராளமாக 'ஃபுவி' வரும். இரண்டும் சரி. எந்த நாட்டுக்காரரோடு அதிகம் பேசப்போகிறீர்களோ அவர் வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'ஃபுவேரா' என்ற வடிவத்தையும் விரைவில் சந்திப்பீர்கள்: 'ஸி ஃபுவேரா ரீகோ', நான் பணக்காரனாக இருந்தால். ஃபுவேரோன் என்பதிலிருந்து 'ரோன்' எடுத்துவிட்டு 'ரா' சேர்த்தது, அவ்வளவுதான். 'வெளியே' என்று பொருள்படும் ஃபுவேராவும் ஒன்று உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்த சொல்.

பயிற்சி

இந்தப் பத்தியை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். ஒவ்வொரு ஃபுவேயும் எந்த வேலை செய்கிறது என்று பென்சிலால் குறித்த பிறகே விடையைப் பாருங்கள்.

'ஆயேர் ஃபுவே எல் கும்ப்ளேஆன்யோஸ் தே மி மாத்ரே. லா ஃபியெஸ்தா ஃபுவே என் காஸா தே மி தீயா. மி எர்மானோ ஃபுவே என் அவுதோபூஸ். யோ ஃபுவி ஆ பியே. ஆ லாஸ் நுவேபே ஸே ஃபுவே லா லூஸ். மி பாத்ரே ஃபுவே போர் பேலாஸ். ஃபுவே ஊனா நோச்சே முய் போனீதா. இ ஆ தி, கோமோ தே ஃபுவே?'

விடை: நேற்று அம்மாவின் பிறந்தநாள். (செர். தமிழில் இங்கே வினையே வேண்டாம், ஸ்பானியத்தில் விட முடியாது.) விருந்து சித்தி வீட்டில் நடந்தது. (செர், நிகழ்ச்சி.) அண்ணன் பஸ்ஸில் போனார், நான் நடந்து போனேன். (இரண்டும் இர். 'என்' இங்கே வாகனத்துக்கு.) ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ('ஸே' சேர்ந்த இர்.) அப்பா மெழுகுவத்தி வாங்கிவரப் போனார். (இர், 'போர்' காட்டிக்கொடுக்கிறது.) மொத்தத்தில் அருமையான இரவு. (செர். 'மொத்தத்தில்' பொருந்துவதால் ஏரா வராது.) உனக்கு எப்படிப் போச்சு? (இர், 'உனக்கு' என்ற வேற்றுமையோடு.)

எட்டில் ஆறு சரியாக வந்திருந்தால் அடுத்ததாக இதே பத்தியை 'சின்ன வயதில் ஒவ்வோர் ஆண்டும்' என்று தொடங்கி மாற்றி எழுதிப் பாருங்கள். அப்போது விருந்து நடந்த இடத்துக்கு ஏரா வரும், பஸ்ஸுக்கும் நடைக்கும் மெழுகுவத்திக்கும் ஈபா வரும், கரண்ட் 'ஸே ஈபா' ஆகிவிடும்.